பந்தயம் கட்டியவர் சாட்சியாகலாமா?

மலைநாட்டில் வாழும் நமக்குக் குற்றச்சாட்டு என்பது புதிய பண்டம் அன்று. மாலையிலே கொழுந்து நிறுக்கும் இடத்தில், சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று சுமையின் பாரம் குறைந்து குறைந்து புத்தகத்தில் ஏறுகிறது. "இந்த நிறுவை சரியில்லை" என்று ஒரு பெண் வாய்திறந்து சொன்னால், அவளை நோக்கி எழும் முதற்கேள்வி, "அத்தாட்சி எங்கே?" என்பது. இரண்டாவது கேள்வி, "உன்னைத் தூண்டிவிட்டவர் யார்?" என்பது. மூன்றாவது கேள்விக்கு அவள் காத்து நிற்பதில்லை. பிள்ளைமடுவத்தில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

நியூ யோர்க் நகரில் இருந்த ஒரு சிறு நிறுவனம் 2023 ஜனவரி 24ஆம் நாள் "மோசடி" என்ற சொல்லை எழுதியபோது, அத்தாட்சி எங்கே என்று கேட்க உலகம் நின்றதா? இல்லை. பத்து நாள் கழிவதற்குள் இந்தியாவின் அதானி குழுமத்துக் கம்பனிகளின் சந்தை மதிப்பில் 10,000 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் கரைந்து போயிற்று. குற்றஞ்சாட்டியவருக்கோ அந்தக் கரைவிலே ஆதாயம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. விலை விழும் என்று பணம் கட்டியிருக்கிறோம் என அறிக்கையிலேயே எழுதி வைத்தார். ஆதாயம் உள்ளவன் சொல்லைக் கேட்டு உலகம் ஓடுகிறது. ஆதாயம் இல்லாதவள் சொல்லுக்கு அத்தாட்சி கேட்கிறது. இந்த முரணைப் பற்றியே இவ்வாரம் எழுத முனைந்தோம்.

அதானியின் பங்கு விழுந்தால் மஸ்கெலியாவுக்கு என்ன என்று கேட்பார் கேட்கலாம். நமது தேயிலை கப்பலேறும் கொழும்புத் துறைமுகத்தில், 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய மேற்குக் கொள்கலன் முனையத்தின் 51 வீதப் பங்கு அக்குழுமத்துக்கு உரியது. எஞ்சியதில் 34 வீதம் ஜோன் கீல்ஸ் கம்பனிக்கும், 15 வீதம் துறைமுக அதிகார சபைக்கும் உரியன. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க அக்குழுமம் முன்வந்ததும், 2025 பெப்ரவரியில் அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டதும் வாசகர் அறிந்தவை. இவை ஒருபுறம் இருக்க, நம்மவர் பலருடைய முதுமைக்காலச் சேமிப்பாகிய ஊழியர் சேமலாப நிதியின் ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தையிலே இருக்கிறது. அங்கே ஒரு கம்பனியைப் பற்றி ஒருவர் "மோசடி" என்று கூவினால், அதை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பது நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமே.

முதலில் இந்த வாணிபம் இன்னது என்று விளங்கிக்கொள்வோம். நுவரெலியாவில் உருளைக்கிழங்கு பயிரிடும் ஒருவரிடம் ஒரு வியாபாரி வருகிறான். "உம்முடைய களஞ்சியத்தில் கிடக்கும் நூறு மூடையை எனக்கு இரவலாகத் தாரும்; தைப்பொங்கலுக்குள் நூறு மூடையாகவே திருப்பித் தருகிறேன்; இரவலுக்குக் கூலியும் தருகிறேன்" என்கிறான். வாங்கிய மூடைகளை அன்றைய விலையாகிய பத்தாயிரம் ரூபாவுக்கு விற்றுப் பணத்தை முடிந்துகொள்கிறான். மறுநாள் ஹட்டன் முதல் தம்புள்ளை வரை சந்தைக்குச் சந்தை சுவரொட்டி ஒட்டுகிறான்: "நுவரெலியாக் கிழங்கில் அழுகல் நோய்!" விலை நாலாயிரமாக விழுகிறது. நூறு மூடையை நாலாயிரம் வீதம் வாங்கி இரவலைத் தீர்த்துவிட்டு, மூடைக்கு ஆறாயிரம் மடியில் கட்டிக்கொண்டு போகிறான். சந்தைக்காரர் ஷோர்ட் செல்லிங் என்று அழைக்கும் இரவல் விற்பனை இதுவே.

கிழங்கில் உண்மையிலேயே அழுகல் இருந்ததானால் அவன் ஊருக்கு நன்மை செய்தவன். அந்தக் கிழங்கை வாங்கிச் சமைக்க இருந்தவர்கள் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அழுகல் இல்லை என்றால் அவன் கள்ளன். ஆனால் ஒரு மூடையை அவிழ்த்து ஒரு கிழங்கை வெட்டிப் பார்ப்பதற்கு முன்பே விலை விழுந்துவிடுகிறது, அவனும் கணக்கை முடித்துக்கொண்டு விடுகிறான். இந்த வாணிபத்தின் கண் அங்கே இருக்கிறது. அவன் சொன்னது மெய்யா பொய்யா என்பது தெரிய வரும்போது அதனால் அவனுக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இனி அதானி விவகாரத்துக்கு வருவோம். ஹிண்டன்பேர்க் ரிசேர்ச் என்னும் அந்த நிறுவனத்தை 2017இல் தொடங்கியவர் நேட் அண்டர்சன். அதானி பற்றிய அவருடைய அறிக்கை 106 பக்கம் கொண்டது; 88 கேள்விகளோடு முடிந்தது. மொரீஷியஸ் முதலிய தீவுகளில் உள்ள பெயரளவுக் கம்பனிகள் வழியே குழுமத்தார் தம் பங்குகளைத் தாமே வாங்கி விலையை ஏற்றினர். வெளியார்போல் தோன்றும் நிறுவனங்கள் வழியே ஒரு கம்பனியின் பணத்தை இன்னொன்றுக்குக் கடத்தினர். கடன் தலைக்குமேல் ஏறிவிட்டது என்பவை அதன் சாரம். பெரிய கம்பனி ஒன்றின் கணக்கைத் தணிக்கை செய்த நிறுவனத்தில் நான்கு பங்காளிகளும் பதினொரு ஊழியருமே இருந்தனர் என்றும் எழுதியது. இவையெல்லாம் கேட்கத்தக்க கேள்விகளே. ஆனால் அறிக்கையின் தலைப்போ கேள்வியாக இல்லை. வணிக வரலாற்றிலேயே மிகப் பெரிய மோசடி என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. ஏழு கம்பனிகளின் பங்கும் 85 வீதம் இறங்கத்தக்கது என்று விலையும் குறித்தாயிற்று.

அறிக்கை வந்த நாளைக் கவனியுங்கள். மூன்றே நாளில், ஜனவரி 27ஆம் நாள், அதானி என்டர்பிரைசஸ் கம்பனி பொதுமக்களிடம் 20,000 கோடி இந்திய ரூபா திரட்டத் தொடங்குவதாக இருந்தது. 31ஆம் நாள் விண்ணப்பங்கள் நிறைந்தன. மறுநாளே விற்பனை கைவிடப்பட்டுப் பணம் திருப்பப்பட்டது. முதலீடு செய்ய இருந்தோரை எச்சரிக்க அந்த வேளையே உகந்தது என்பார் உளர். பந்தயம் வெல்லவும் அந்த வேளையே உகந்தது என்பதை அவர்கள் மறுப்பார்களோ?

பந்தயத்தின் கணக்கு அப்போது வெளிவரவில்லை. இந்தியப் பங்குச் சந்தையை ஒழுங்குசெய்யும் செபி என்னும் வாரியம் 2024 ஜூன் மாத இறுதியில் ஹிண்டன்பேர்க்குக்கு விளக்கம் கோரும் அறிவித்தல் அனுப்பிய பின்னரே அது தெரியவந்தது. அறிக்கை வெளியாவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னரே அதன் நகல் கிங்டன் என்னும் நியூ யோர்க் முதலீட்டாளரின் கைக்குச் சென்றுவிட்டது. அவர் இந்தியாவில் ஒரு நிதியத்தின் வழியே அதானி பங்குகளை முன்கூட்டி விற்று, சுமார் 183 கோடி இந்திய ரூபா இலாபம் கண்டார். அந்த இலாபத்தில் ஹிண்டன்பேர்க்குக்குப் பங்கு பேசப்பட்டிருந்தது என்கிறது செபி. இவையும் குற்றச்சாட்டுகளே அன்றித் தீர்ப்பல்ல என்பதை நாம் மறக்கவில்லை. தம் வாயை அடைக்கும் முயற்சி இது என்று ஹிண்டன்பேர்க் விடை சொன்னது. ஆயினும் அந்த முதலீட்டாளரின் தொடர்பால் தமக்குக் கிடைத்தது 41 இலட்சம் டொலர் என்றும், தாமே நேரடியாக விற்ற கடன்பத்திரங்களால் கிடைத்தது 31 ஆயிரம் டொலர் என்றும் அது தானே ஒப்புக்கொண்டது.

சிறிது கணக்குப் பார்ப்போம். 41 இலட்சம் ஒருபுறம். 10,000 கோடி மறுபுறம். எழுதியவர் ஒரு டொலர் பெறுவதற்குப் பிறருடைய உடைமை மதிப்பு 24,000 டொலருக்கு மேல் கரைந்தது. மதிப்புத்தானே கரைந்தது, பங்குகள் பின்னர் மீண்டும் ஏறினவே என்பார்கள். மெய்தான். ஆனால் யாருக்கு ஏறின? அச்சங்கொண்டு விற்றுவிட்ட சிறு முதலீட்டாளருக்கு ஏறவில்லை. விலை தரைதட்டிக் கிடந்தபோது, மார்ச் 2ஆம் நாள், 15,446 கோடி இந்திய ரூபா கொண்டுவந்து பங்குகளை அள்ளிய ஜி.கியூ.ஜி. என்னும் அயல்நாட்டு நிதியத்துக்கு ஏறிற்று. விழும்போது ஒரு பணக்காரர் ஈட்டினார், எழும்போது இன்னொரு பணக்காரர் ஈட்டினார். இந்திய ஆயுள் காப்புறுதிக் கழகம் 2023 ஜனவரி இறுதியில் அக்குழுமத்தில் 36,474 கோடி இந்திய ரூபா முதலிட்டிருந்ததாக அறிவித்தது. அதன் மொத்தச் சொத்தில் அது ஒரு வீதத்துக்கும் குறைவே. ஆயினும் தஞ்சாவூரில் பயிர்செய்யும் உழவரும் மதுரையில் பாடம் சொல்லும் ஆசிரியரும் மாதந்தோறும் கட்டிய காப்புறுதிப் பணம் அதனுள் இருந்ததன்றோ?

மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும் மாதங்களில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிலும் சுவர்களும் வெளியே தெரிவதை நாம் அறிவோம். விலை என்னும் நீர் வற்றினால்தான் அடியில் கிடக்கும் உண்மை தெரியும் என்பது இரவல் விற்பனையாளரின் வாதம். நல்ல வாதமே. நீர் வற்றிப் பார்த்ததில் தெரிந்தது என்ன?

இந்திய உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் முன்னாள் நீதிபதி சாப்ரே தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. ஒழுங்குமுறை தவறிவிட்டது என்று முடிவுகட்ட இயலவில்லை என்றது அக்குழு. அதே குழு இன்னொன்றும் சொல்லிற்று: பதின்மூன்று அயல்நாட்டு நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்ற ஐயம் செபிக்கு 2020 முதலே இருந்தது; தேடியும் விடை கிட்டவில்லை. 2024 ஜனவரி 3ஆம் நாள் நீதிமன்றம், தனிப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற கோரிக்கையை மறுத்தது. செபி எடுத்த 24 விசாரணைகளில் 22 முடிந்திருந்தன என்றும் குறித்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் ஹிண்டன்பேர்க், செபியின் தலைவி மாதபி புரி புச் மீதே குற்றஞ்சாட்டிற்று, அவர் மறுத்தார், லோக்பால் 2025 மே மாதம் அவருக்கு எதிரான முறைப்பாடுகளைத் தள்ளிவிட்டது. இறுதியாக 2025 செப்டெம்பர் 18ஆம் நாள் செபி இரண்டு ஆணைகள் பிறப்பித்தது. இடைநின்ற நிறுவனங்கள் வழியே குழுமக் கம்பனிகளுக்குச் சென்ற பணம் கடனாகச் சென்றது, வட்டியோடு திரும்பி வந்தது. மோசடி நிறுவப்படவில்லை என்பது அவற்றின் முடிவு.

அறிக்கையின் தூண்களுள் ஒன்று இவ்வாறு சாய்ந்தது. ஆணையில் உள்ள ஒரு காரணம் நமக்கு முழுநிறைவு தரவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். அக்காலத்தில் இருந்த விதிகளின்படி அவை தொடர்புடையோர் பரிமாற்றம் ஆகா, விதி பின்னரே விரிவாக்கப்பட்டது என்பது அக்காரணம். வேலியில் அன்று ஓட்டை இருந்தது, ஆகவே நுழைந்தது குற்றமன்று என்றால், சட்டப்படி சரி. வேலி கட்டியவர்களைப் பற்றி நாம் என்ன நினைப்பது? அயல்நாட்டு நிதியங்களின் உரிமை பற்றிய கேள்விக்கும் அந்த இரண்டு ஆணைகள் விடையாகா.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்து நாம் சொல்வது இதுதான்: வரலாற்றிலேயே மிகப் பெரிய மோசடி என்று தலைப்பிலே எழுதப்பட்ட தீர்ப்பு மெய்ப்பிக்கப்படவில்லை. அதானியைப் பிடிக்காதவர்களும் இதை வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நமக்கு அவர் உற்றாரும் அல்லர், பகைவரும் அல்லர். நமக்குப் பிடிக்காதவன்மீது வந்த பழி என்பதற்காக அத்தாட்சி இல்லாப் பழியை ஏற்றுக்கொண்டால், நாளை நம்மீது அத்தகைய பழி வரும்போது எந்த முகத்தோடு அத்தாட்சி கேட்போம்? 88 கேள்வி கேட்ட அண்டர்சனோ 2025 ஜனவரியில் தம் நிறுவனத்தைக் கலைப்பதாக அறிவித்துவிட்டார். கேள்வி கேட்டவரிடம் நாம் கேள்வி கேட்கலாம் என்றால் கடை பூட்டிக் கிடக்கிறது.

ஆனால், குற்றம் நிறுவப்படவில்லை என்பது ஒன்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் நடந்துகொண்ட முறை நன்று என்பது வேறொன்று. 413 பக்கத்தில் விடை எழுதிய குழுமம், இது இந்தியா மீதே தொடுக்கப்பட்ட தாக்குதல் என்று கொடியை எடுத்துப் போர்த்துக்கொண்டது. கணக்கில் ஐயம் கேட்டால் கணக்கைக் காட்டவேண்டுமே தவிரக் கொடியைக் காட்டுவானேன்? அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அதானி துறைமுகக் கம்பனியின் தணிக்கையாளராக இருந்த டெலோய்ட் நிறுவனம் பதவி விலகிற்று. ஹிண்டன்பேர்க் சுட்டிய சில கொடுக்கல் வாங்கல்களை வெளியார் ஒருவரைக் கொண்டு சுதந்திரமாக ஆராயக் குழுமம் இணங்காமையும் அவ்விலகலுக்கு முன் எழுந்த பிணக்கில் ஒன்று. அன்றே மூடையை அவிழ்த்து, வாருங்கள், வெட்டிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால், இரண்டு ஆண்டு எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிராது.

2024 நவம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர் நியூ யோர்க் நீதிமன்றத்தில் கௌதம் அதானி மீதும் மற்றையோர் மீதும் வேறொரு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தனர். சூரியமின் ஒப்பந்தங்களுக்காக இந்திய அதிகாரிகளுக்கு 25 கோடி டொலருக்கு மேல் இலஞ்சம் பேசப்பட்டது என்பது அதன் பொருள். குழுமம் அதை மறுத்தது. அது மெய்யா பொய்யா என்று சொல்வது நம் வேலையன்று. ஆனால் இரண்டு குற்றச்சாட்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைப் பாருங்கள். அரசு வழக்கறிஞர் கையொப்பமிடுகிறார், சட்டத்தின் எந்தப் பிரிவு என்று காட்டுகிறார், நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் பொறுப்பை ஏற்கிறார்; அன்று பங்குவிலை ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய சம்பளம் அதேதான். இரவல் விற்பனையாளரின் அறிக்கைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஹிண்டன்பேர்க் சொன்னது மெய்யாயிற்று என்று சொல்ல இந்த வழக்கைச் சான்றாகக் காட்டுவோர் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே சாக்கில் கட்டுகிறார்கள்.

அப்படியானால் இரவல் விற்பனையாளர் அனைவரும் பொய்யரா? அதுவும் தவறு. ஜேர்மனியில் வயர்கார்ட் என்னும் கம்பனியைப் பற்றி அவர்களும் இலண்டன் பத்திரிகையாளரும் பல ஆண்டு எச்சரித்தனர். அரசோ 2019இல் அந்தப் பங்கை இரவல் விற்பனை செய்வதையே இரண்டு மாதம் தடைசெய்து, பத்திரிகையாளர்மீது முறைப்பாடும் செய்தது. 2020 ஜூனில் 190 கோடி யூரோ இருந்த இடம் தெரியாமல் கம்பனி கவிழ்ந்தது. ஹிண்டன்பேர்க்கே 2020இல் நிக்கோலா என்னும் அமெரிக்க வாகனக் கம்பனியைப் பற்றி எழுதியதன் பின்னர், அதன் நிறுவனர் 2022இல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2025இல் ஜனாதிபதி மன்னிப்பால் விடுதலையானார் என்பது வேறு கதை. ஆகவே பந்தயம் கட்டியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் முடியாது. அவரை வாதியின் இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். சாட்சிக் கூண்டில் ஏற்றுவது பிழை. நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்துவது பெரும்பிழை. 2023 ஜனவரியில் சந்தை அவரை அந்த ஆசனத்திலேயே அமர்த்திற்று.

நம்மை உறுத்துவது இன்னொன்று. 2025 ஜூலையில் வைஸ்ரோய் என்னும் இன்னோர் இரவல் விற்பனை நிறுவனம் வேதாந்தா குழுமத்தின்மீது அறிக்கை விடுத்தது, குழுமம் மறுத்தது, உலகப் பத்திரிகைகள் அன்றே அதைப் பேசின. அந்த வேதாந்தாவின் பெயரைத் தூத்துக்குடி மக்கள் வேறு விதமாக அறிவர். ஸ்டெர்லைட் செப்பாலையின் புகையைப் பற்றி அவர்கள் முறையிட்ட ஆண்டுகள் எத்தனை! மனு எழுதினார்கள், வழக்காடினார்கள், தெருவில் அமர்ந்தார்கள். அவர்கள் எவரும் பங்கை இரவல் வாங்கி விற்றவர் அல்லர். ஆலை மூடினால் அவர்கள் பெற இருந்த இலாபம் மூச்சு ஒன்றே. 2018 மே மாதம் பொலிசார் சுட்டதில் 13 பேர் இறந்தனர். அதன் பின்னரே, 28ஆம் நாள், ஆலை பூட்டப்பட்டது. பந்தயம் கட்டியவனின் சொல்லுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருக்க, பாதிக்கப்பட்டவனின் சொல்லுக்குப் பதின்மூன்று உயிர் வேண்டியிருந்தது.

மன்னாரும் அவ்வாறே. காற்றாலைத் திட்டத்தில் கேட்கவேண்டிய கேள்விகளை அவ்வூர் மக்களும் சூழல் அமைப்புகளும் கேட்டனர். திறந்த கேள்விப்பத்திரம் கோராமல் ஒரு கம்பனிக்குக் கொடுப்பானேன்? 2024இல் இணங்கிய விலையான அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் இருபது ஆண்டுக்கும் நியாயமா? வலசை வரும் பறவைகளின் வழி என்னாவது? இவர்கள் நியூ யோர்க்கில் எவருக்கும் நகல் அனுப்பியவர் அல்லர். திட்டம் நின்றது இத்தகைய கேள்விகளாலும், புதிய அரசு விலையை மீளப் பேச முற்பட்டதாலுமே அன்றி, ஹிண்டன்பேர்க் அறிக்கையால் அன்று. அறிக்கை வெளியாகி ஒரு மாதம் ஆவதற்கு முன்பே, 2023 பெப்ரவரியில், நமது முதலீட்டுச் சபை அதே திட்டத்துக்கு அங்கீகாரம் வழங்கிற்று என்பதை நினைவிற் கொள்க. மன்னார் மக்களின் கேள்விகள் நமக்கும் உடன்பாடானவையே. ஆனால் அவற்றுக்கு ஹிண்டன்பேர்க்கைத் துணைக்கு அழைப்பது, நல்ல வழக்குக்கு ஐயத்துக்குரிய சாட்சியைக் கூட்டி வருவதாகும்.

நம் தோட்டங்களுக்கு வருவோம். 1990களில் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. அக்கம்பனிகளில் பல இன்று கொழும்புச் சந்தையில் பதிவுபெற்றவை. நாட்கூலி 1,700 ரூபா என்று 2024 மே மாதம் வர்த்தமானி வெளியானபோது, கம்பனிகள் தமக்கு இயலாது என்று நீதிமன்றம் சென்றன. கூலி உயர்த்த இயலாது என்று சொல்பவரும் ஒருவகையிற் பந்தயம் கட்டியவரே அன்றோ? விலை குறைந்தால் இலாபம் பெறுபவர் அவர். குறையும் விலை நம் உழைப்பின் விலை. கம்பனிகள் கொள்ளையடிக்கின்றன என்று மேடையில் முழங்கும் நம் தலைவர்களும் ஆண்டறிக்கையில் ஒரு பக்கத்தையாவது புரட்டிக் காட்டுகிறார்களா? நியூ யோர்க்காரருக்கு விதித்த நியாயம் நம் மேடைக்கும் விதித்ததுதான். வருமானம் எவ்வளவு, நிர்வாகக் கட்டணம் என்ற பெயரில் தாய்க் கம்பனிக்குப் போவது எவ்வளவு, தேயிலையை வாங்குபவர் யார், அவருக்கும் கம்பனிக்கும் உறவு என்ன என்பன கேட்கப்பட வேண்டும். எண்களோடு கேட்கப்பட வேண்டும்.

கொழும்பில் சந்தையை ஒழுங்குசெய்யும் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவிடம் நாம் கோருவது பெரிதன்று. பதிவுபெற்ற கம்பனி ஒன்றின்மீது மோசடி என்று பகிரங்கமாக எழுதுவோர், விலை இறங்கினால் தமக்கு என்ன கிடைக்கும், எழுதுவதற்கு முன் யாருக்குக் காட்டினர் என்பதை முதற்பக்கத்திலே தொகையோடு எழுத வேண்டும். ஆதாயம் உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தொகையை ஒன்றரை ஆண்டு கழித்துச் சொல்வது அறிவித்தல் ஆகாது. குற்றஞ்சாட்டப்பட்ட கம்பனி வெளித்தணிக்கைக்கு இணங்க வேண்டும். இணங்க மறுத்தால் அந்த மறுப்பு அன்றே சந்தைக்கு அறிவிக்கப்பட வேண்டும். விசாரணைக்கு நாட்கணக்கு வேண்டும், ஆண்டுக்கணக்கு ஆகாது.

வாசகர்களுக்கும் ஒன்று. தோட்டங்கள் தனியாரிடம் போன அந்நாளில், கம்பனிப் பங்குகளில் 10 வீதம் ஊழியர்க்கு இலவசமாக வழங்கப்பட்டது. அந்தப் பத்திரங்களைக் கிடைத்த விலைக்கு விற்றவர் உளர். என்னவென்று அறியாமலே இரும்புப் பெட்டியின் அடியில் வைத்தவரும் உளர். அப்பா, அம்மா வைத்துப்போன பெட்டியைத் திறந்து பாருங்கள். பங்கு இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், அதை வாரிசின் பெயருக்கு மாற்றும் வழியைக் கம்பனிச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு பங்கு உள்ளவருக்கும் ஆண்டறிக்கை பெறவும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கவும் உரிமை உண்டு. நம்மூர் ஆசிரியர்களும் கணக்கறிந்த இளைஞர்களும் அந்த அறிக்கையைப் பெற்றோருக்குத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். அடுத்த கூட்டத்துக்கு மஸ்கெலியாவிலிருந்து நான்கு பேராவது போய், கொழுந்து நிறுவையில் கழியும் கிலோக்கள் எந்தக் கணக்கில் ஏறுகின்றன என்று கேட்கட்டும்.